சுவரோரத்துப் பாய்

கோவில்பட்டியில் கடலைமிட்டாய்க் கடைகளை எண்ணி முடிக்க ஒரு நாள் போதாது, ஆனால் கடலைமிட்டாய்க் கடைக்கு மேலே மாடியில் யோகா வகுப்பு நடக்கிற கட்டடம் ஊரில் ஒன்றே ஒன்றுதான். அதன் படிக்கட்டு ஒரு வளைவு வளைந்து, அது போதாதென்று இன்னொரு வளைவும் வளைந்து, ஏறி வருகிறவருக்குக் கிழக்கு எது மேற்கு எது என்பதே மறந்துபோகிற மாதிரிக் கட்டியிருந்தார்கள், கட்டின கொத்தனார் நல்லாயிருக்கட்டும். விடியக்காலம் ஐந்தரைக்குக் கீழே பாகு காய்ச்ச அடுப்பு மூட்டுவார்கள், அதே ஐந்தரைக்கு மேலே மூச்சை இழுக்கச் சொல்லுவார் கோமதிநாயகம், ஆகையால் அந்த வகுப்பில் சேர்ந்த அத்தனை பேரும் நாளின் முதல் மூச்சில் உள்ளே இழுத்தது வெல்லப்பாகின் வாசனையைத்தான். "சுகர் உள்ளவுக மட்டும் அளவா இழுங்க" என்பார் அவர். தினமும் இதையே சொல்லுவார், தினமும் யாராவது ஒருத்தர் சிரித்துவிடுவார்.

கோமதிநாயகம் இருபத்தாறு வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். நின்று நின்றே இடுப்பு விட்டுப்போய், மூன்று மாதம் படுத்த படுக்கையாகக் கிடந்து, யோகாவால் எழுந்து உட்கார்ந்து, எழுந்ததும் வேலையை எழுதிக்கொடுத்துவிட்டு இந்த மாடியைப் பிடித்தார். அவர் வேலையை விட்டாரே தவிர வேலை அவரை விடவில்லை. குனியச் சொல்லும்போது, "முன்னாடி போங்க, முன்னாடி போங்க, இன்னும் எடம் இருக்கு" என்பார். மூச்சை விடச் சொல்லும்போது, "எறங்கட்டும், எறங்குறவுக மொதல்ல எறங்கட்டும்" என்பார். ஹாலின் நடுவே பஸ்ஸில் இருக்கிற மாதிரி ஒரு நடைபாதை விட்டு, ஒரு பக்கம் பெண்கள், மறுபக்கம் ஆண்கள் என்று முப்பத்திரண்டு பாய்கள் விரித்திருந்தார். பஸ் என்று வந்துவிட்டால் துண்டு இல்லாமல் இருக்குமா. முந்தி வந்தவர் துண்டைப் போட்டு இடம் பிடித்துவிட்டுக் கீழே போய் டீ குடிப்பார், துண்டு விழுந்த பாயில் கலெக்டரே வந்தாலும் உட்கார முடியாது, அது அந்த மாடியின் சட்டம்.

மரகதம் அங்கே வந்தது தூக்கத்துக்காக. தபாலாபீஸ் கவுண்டரில் வேலை, வயது நாற்பத்தொன்பது, புருஷன் மஞ்சள்காமாலையில் போய்ப் பதினைந்து வருஷம். ஒரே பையன் பரிதி, அவனும் பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருக்கும்போது பத்தொன்பது வயதில் பைபாஸ் ரோட்டில் பைக்கோடு போய்விட்டான். அதற்கப்புறம் அவள் தூங்கவில்லை. நல்ல ஊர், நல்ல ஜனம், ஒருத்தரும் அவள் மனசு நோக ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் வந்தால் பேச்சை மாற்றினார்கள், தங்கள் பிள்ளைகளின் மார்க்கைப் பற்றிப் பேசுவதை நிறுத்தினார்கள், அவன் பெயரை அவள் காதுபட யாருமே சொல்லவில்லை, பெயரைச் சொல்லாமல் சொல்லாமல் அப்படி ஒரு பிள்ளை பிறக்கவே இல்லை என்கிற மாதிரி ஆக்கிவிட்டார்கள். ஸ்பீடு போஸ்ட் அனுப்ப வந்த கோமதிநாயகம் கவுண்டருக்கு உள்ளே அவள் கண்ணைப் பார்த்துவிட்டு, "காலைல வந்து ஒரு மணி நேரம் சும்மா மூச்சு விட்டுட்டுப் போங்க தாயி. வேற ஒண்ணும் செய்ய வேண்டாம்" என்றார்.

வந்தாள். முதல் மாதம் குனிந்தால் முழங்காலைத்தான் தொட முடிந்தது, இரண்டாம் மாதம் கெண்டைக்காலைத் தொட்டாள், மூன்றாம் மாதம் தொடுகிற கணக்கையே விட்டுவிட்டு, பக்கத்துப் பாய்க்காரி மூச்சு இழுத்தால் தானும் இழுத்து, அவள் விட்டால் தானும் விட்டு, முப்பத்திரண்டு பேரும் ஒரே நேரத்தில் கையைத் தூக்கி ஒரே நேரத்தில் இறக்குகிற அந்த ஒழுங்குக்குள் தன்னைக் கொண்டுபோய் வைத்துவிட்டாள். யாரும் அவளை ஒன்றும் கேட்கவில்லை, அவளும் யாரிடமும் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை, ஆனால் தினமும் ஐந்தரைக்குத் தன் பாய் தனக்காக விரித்துக் கிடக்கும் என்பது ஒரு பிடிமானமாக இருந்தது. எல்லாம் முடிந்து கடைசியில் கண்ணை மூடிக் கால் மணி நேரம் படுக்கிற ஆசனம் ஒன்று உண்டு, சவாசனம். சாமி பெயரைச் சொல்லுகிற வாயால் சவம் என்று சொல்லுவார்களா, பெண்கள் பக்கம் அதைப் 'படுக்கை' என்றுதான் சொல்லுவார்கள். அந்தப் படுக்கையில் மரகதம் தூங்கினாள். ஒரு நாளைக்கு அந்தக் கால் மணி நேரம்தான் அவள் தூக்கம், அதை வைத்துக்கொண்டு மிச்ச நேரத்தை ஓட்டினாள்.

அது நடந்தது ஐப்பசி மாதம், அடைமழை பிடித்துக்கொண்ட ஒரு செவ்வாய்க்கிழமை. படுக்கை முடிந்து எழுந்தபோது, தீப்பெட்டி ஆபீஸில் சூப்பர்வைசராக இருக்கிற குருவம்மாளால் காலைத் தரையில் ஊன்ற முடியவில்லை. குதிகால் வலி. அவளுக்குக் குதிகால் வலி கிடையாது, அது அவளுக்கு வலதுபக்கம் படுத்திருந்த சுந்தரவடிவு டீச்சருக்கு உள்ளது. டீச்சரோ குதிகாலை ஊன்றி ஊன்றி நடைபாதையில் இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் நடந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஆளாளுக்குக் கையையும் காலையும் கழுத்தையும் தடவிப் பார்த்தார்கள். அவரவர் வலி அவரவருக்கு இடதுபக்கம் படுத்தவருக்குப் போயிருந்தது, அவ்வளவுதான் விஷயம். ஏன் போனது, எதனால் போனது என்று ஆண்கள் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சு நடந்தது, அதற்குள் ஆபீசுக்கு நேரமாகிவிட்டதால் கலைந்துபோனார்கள்.

மறுநாள் காலை எல்லோரும் மாடியேறினதும் அவரவர் வலி அவரவருக்குத் திரும்பி வந்தது, படுத்து எழுந்ததும் மறுபடியும் இடதுபக்கம் போனது. பார்த்துப் பார்த்து இதன் முறையைக் கண்டுகொண்டார்கள். கொடுத்தவரும் வாங்கினவரும் இரண்டு பேருமே மாடியேறினால்தான் வலி திரும்பும், ஒருத்தர் மட்டம் போட்டால் மற்றவர் சுமக்க வேண்டியதுதான். அதோடு வகுப்புக்கு மட்டம் போடுகிற பழக்கம் அற்றுப்போனது. காய்ச்சலானாலும் போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்து பாயில் உட்கார்ந்தார்கள்.

வலி மட்டும் போகவில்லை, வலி வந்த வழியும் கூடவே போனது. சுந்தரவடிவு டீச்சரை அதுவரை குருவம்மாள் திமிர் பிடித்தவள் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள், தெருவில் பார்த்தால் நின்று ஒரு வார்த்தை பேச மாட்டாராம். டீச்சரின் குதிகால் அவளுக்கு வந்த அன்றைக்கு, சிமெண்டுத் தரை போட்ட ஒரு வகுப்பறையும், அதில் இருபத்தெட்டு வருஷம் நின்றுகொண்டே நடத்தின பூகோளப் பாடமும், சாயங்காலம் வீடு போய்ச் சேரும் வரை நின்றுவிடக் கூடாது, நின்றால் மறுபடி நடக்க முடியாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடந்த நடையும், சத்தத்தோடும் வெயிலோடும் அவளுக்குள் வந்து இறங்கின. சாயங்காலமே குதிகால் வலிக்கென்று விற்கிற எம்.சி.ஆர் செருப்பு ஒரு ஜோடி வாங்கிக்கொண்டு டீச்சர் வீட்டுக்குப் போனாள். "இதப் போட்டுக்கிட்டு நில்லுங்க டீச்சர், நின்னு பேசுவோம்" என்றாள்.

பக்கத்து வீட்டில் உறைமோர் வாங்குவதற்கு யாராவது யோசிக்கிறார்களா, அந்த மாதிரி ஆகிவிட்டது வலி. மகளுக்குக் கல்யாணம் வைத்திருக்கிற தாய்க்காரி மூன்று நாளைக்கு மூட்டுவலியை இடதுபக்கத்தில் விட்டுவிட்டுப் பந்தலில் ஓடி ஓடி வேலை பார்த்தாள். திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போனவர் முழங்காலை ஒப்படைத்துவிட்டுப் போய், இலை விபூதியில் பாதியைக் கொண்டுவந்து கொடுத்து, புண்ணியத்திலும் பாதி உமக்குத்தான் என்றார். பஸ் ஸ்டாண்டு பக்கத்து டாக்டர் முதலில் திட்டினார், அப்புறம் சீட்டிலேயே, இன்றைக்கு இந்த வலி யாரிடம் இருக்கிறதோ அவர் சாப்பிடவும் என்று எழுத ஆரம்பித்தார். புருஷன்மார்கள் காலையில் வாசலிலேயே நின்று, இன்றைக்கு வீட்டுக்கு வந்திருப்பது யாருடைய வலி, எங்கே வலி என்று விசாரித்துவிட்டு அதற்குத் தக்கபடி பேசினார்கள். சொந்தப் பெண்சாதியின் இடுப்புவலியைப் பதினெட்டு வருஷம் கண்டுகொள்ளாத ஒருத்தர், அடுத்த வீட்டம்மாவின் இடுப்புவலி தன் வீட்டுக்கு வந்த அன்றைக்கு வெந்நீர் போட்டுக் கொடுத்தார், அந்தக் கூத்தையும் ஊர் பார்த்தது.

இதில் மரகதத்துக்குத்தான் பெரிய பெயர். பெண்கள் பக்கம் ஒரு வரிசையின் கடைசிப் பாய் சுவரை ஒட்டிக் கிடந்தது, படுத்தால் இடதுகைப் பக்கம் சுவர். அங்கே படுக்கிறவருக்கு வலதுபக்கத்து ஆளின் வலி வரும், ஆனால் தன் வலி போவதற்கு இடதுபக்கம் ஆள் கிடையாது. சேர்ந்த நாளிலிருந்தே அதுதான் மரகதத்தின் பாய், இப்போது யாருக்கும் வேண்டாத அதில் அவள் முதல் ஆளாக வந்து துண்டைப் போட்டாள். மழையானாலும் பனியானாலும் நாலேமுக்காலுக்கே வந்து போட்டாள். வலதுபக்கம் எப்போதும் குருவம்மாள்தான் படுப்பாள், அவளுடைய ஒற்றைத் தலைவலியை வாங்கிக்கொண்டு மரகதம் தபாலாபீஸில் உட்கார்ந்து முத்திரை குத்துவாள். "மகராசி, வாங்குறாளே தவிர ஒருத்திக்கும் குடுக்க மாட்டேங்கா" என்று எல்லோரும் அவளைக் கையெடுத்துக் கும்பிடாத குறை.

அவளுக்குத்தான் தெரியும், அது தியாகமும் இல்லை ஒரு மண்ணும் இல்லை, சுத்தக் கஞ்சத்தனம். பிறத்தியார் வலி விருந்தாளி மாதிரி, வரும், போகும். தன் வலியை மட்டும் அவள் ஒருத்தர் கையிலும் கொடுக்க மாட்டாள். பரிதி போன பிறகு அவன் சட்டையில் வாசனை போய்விட்டது, அவன் போனில் சார்ஜ் நிற்கவில்லை, மிச்சம் இருப்பது நெஞ்சுக்கூட்டில் கிடக்கிற இந்தப் பாரம் ஒன்றுதான், இதுவும் போனால் அவன் போயே போய்விடுவான் என்று அவள் பயந்தாள். இன்னொன்றும் இருந்தது. அன்றைக்குக் காலையில் பைக் விஷயமாக இரண்டு பேருக்கும் சண்டை, அடுப்படியில் நின்றுகொண்டு முகத்தைக்கூடத் திருப்பாமல் அவள் மகனைப் பார்த்து, "எங்கயாச்சும் போய்த் தொல" என்று சொல்லியிருந்தாள். பார்த்துப் போயிட்டு வா என்று சொல்ல வேண்டிய வாயால் அதைச் சொன்னாள், மத்தியானம் போன் வந்தது. வலி போனால் வந்த வழியும் கூடவே போகுமே. அந்த வார்த்தை இன்னொருத்தர் காதில் விழுவதைவிட நெஞ்சு வெடித்துச் சாகலாம் என்று நினைத்துத்தான் சுவரோரமாகப் படுத்தாள்.

பொங்கல் கழிந்து ஒரு திங்கட்கிழமை, சுந்தரவடிவு டீச்சர் புதுப் போன் வாங்கிக்கொண்டு வந்தார். அதில் திசைகாட்டி இருந்தது. ஹால் நடுவே நின்று அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தவர் முகம் வெளுத்துப்போய், "நாம இத்தன நாளும் வடக்கேல்ல தல வச்சுப் படுத்திருக்கோம்" என்றார்.

ஹாலில் மூச்சுச் சத்தம் நின்றுபோனது. வாராத வாழ்வு வந்தாலும் வடக்கே தலை வைக்காதே என்று கேட்டு வளர்ந்த ஜனம். வகுப்பு ஆரம்பித்த மூன்று வருஷமாக, அதுவும் சவாசனத்தில், வடக்கே தலை வைத்திருக்கிறது. எல்லாம் அந்தப் படிக்கட்டு செய்த வேலை. "இருபத்தெட்டு வருஷம் பூகோளம் நடத்துனவுகளுக்கே தெரியலையாம், எங்களுக்கு எங்க தெரியும்" என்றாள் குருவம்மாள். ஆண்கள் பக்கம் ஒருத்தர் தன் மைத்துனருக்குப் போன மாதம் கால் ஒடிந்ததற்குக் காரணம் இப்போதுதான் புரிகிறது என்றார். கோமதிநாயகம் யோசிக்கவே இல்லை. "சரி, வண்டியத் திருப்பிப் போடுங்க" என்றார். முப்பத்திரண்டு பேரும் அவரவர் பாயிலேயே தலைமாட்டைக் கால்மாடாக்கித் தெற்கே தலை வைத்து, அப்பாடா என்று படுத்தார்கள். மரகதமும் தன் சுவரோரத்துப் பாயில் அப்படியே திரும்பிப் படுத்தாள். முன்பு இடதுகைப் பக்கம் இருந்த சுவர் இப்போது வலதுகைப் பக்கம் வந்துவிட்டது, இடதுபக்கம் இப்போது குருவம்மாள் படுத்திருக்கிறாள் என்பதை, வடக்கு தெற்கு பார்த்த அவசரத்தில், முப்பத்திரண்டு பேரில் ஒருத்தரும் நினைத்துப் பார்க்கவில்லை.

எழுந்தபோது மரகதத்துக்கு உடம்பு லேசாக இருந்தது. தெற்கே தலை வைத்ததன் பலன் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். பசித்தது. நாலு இட்லி சாப்பிட்டாள், சாப்பிட்டதே தெரியவில்லை, இன்னும் இரண்டு சாப்பிட்டாள். தபாலாபீஸில் யாரோ ஒரு கிழவர் சொன்ன பேச்சுக்குச் சிரித்தாள். மத்தியானம் சாப்பாட்டுக் கூடையிலிருந்து கைக்குட்டையை எடுக்கும்போது கூடவே பரிதியின் போட்டோ வந்து விழுந்தது. எடுத்துப் பார்த்தாள். நல்ல லட்சணமான பையன், முன்பல் ஒன்று கொஞ்சம் தூக்கல். பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் ஒட்டி வருகிற ஆயிரம் போட்டோக்களில் ஒன்றைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தாள். பெயர் தெரிந்தது, பிறந்த தேதி தெரிந்தது, இறந்த தேதியும் தெரிந்தது. நெஞ்சில் ஒன்றுமே நடக்கவில்லை. கையை வைத்து அமுக்கிப் பார்த்தாள், வெறும் நெஞ்சாக இருந்தது. அப்போதுதான் சுவர் எந்தக் கைப்பக்கம் இருந்தது என்பது அவளுக்கு ஞாபகம் வந்தது.

அரை நாள் லீவு சொல்லிவிட்டுக் கடலையூர் ரோட்டில் இருக்கிற குருவம்மாள் வீட்டுக்கு நடந்தாள் என்று சொல்ல முடியாது, ஓடினாள். குருவம்மாள் வேலைக்குப் போகவில்லை. அடுக்களை வாசலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள், முகம் வீங்கியிருந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்துக்கொண்டு வந்துவிட்ட இரண்டு பெண்பிள்ளைகளும், ஒன்றும் புரியாமல் அவள் மடியில் ஆளுக்கொரு பக்கம் அழுத்தி வைக்கப்பட்டிருந்தார்கள்.

"வா யக்கா. உக்காரு" என்றாள்.

"குருவு, அதக் குடுத்துரு."

"எப்படிக் குடுக்க? நாளைக்கு ரெண்டு பேரும் மாடியேறுனாத்தான வரும்."

மரகதம் உட்கார்ந்தாள். அப்புறம், "நான் சொன்னதும் கேட்டுச்சா?" என்றாள்.

"கேட்டுச்சு."

குருவம்மாள் முகம் மாறும் என்று மரகதம் காத்திருந்தாள். அது மாறவில்லை. "நான் இந்த ரெண்டையும் ஒரு நாளைக்குப் பத்துத் தடவ சொல்லுதேன். போய்த் தொல, நாசமாப் போ, எல்லாந்தான் சொல்லுதேன். இந்த ஊர்ல அப்படிச் சொல்லாத தாய் எவ இருக்கா? சொன்னதெல்லாம் பலிச்சா ஊர்ல ஒரு பிள்ள மிஞ்சாது யக்கா" என்றாள். சொல்லிவிட்டுப் பிள்ளைகளை இன்னும் கொஞ்சம் அழுத்திக்கொண்டாள். பெரியவள், விடும்மா மூச்சு முட்டுது என்றாள்.

"யக்கா, ஒண்ணு சொல்லுதேன். நான் நாலு நாளைக்கு வகுப்புக்கு வராம இருந்துக்கிடுதேன். இது எங்கிட்டயே இருக்கட்டும். நீ தூங்கு. இன்னைக்குத்தான் உன் மூஞ்சி மனுஷி மூஞ்சியா இருக்கு."

"வேண்டாம்."

"எனக்கு ஒண்ணும் இல்ல யக்கா, நாலு நாள்தான."

"வேண்டாம் குருவு. போட்டோவ எடுத்துப் பாத்தேன். எவ பெத்த பிள்ளையோன்னு இருக்கு. வலிச்சா வலிச்சிட்டுப் போகுது, எனக்கு எம்பிள்ள வேணும். நாளைக்கு வா. கண்டிப்பா வந்துரு." அவள் கண்ணில் தண்ணீர் வரவில்லை, வருவதற்கு உள்ளே ஒன்றும் இருக்கவில்லை.

குருவம்மாள் சின்னவளை மடியிலிருந்து இறக்கி உட்கார வைத்தாள். "வாரேன். அதுவரைக்கும் உன் பிள்ளையப் பத்தி நான் சொல்லுதேன், கேளு" என்றாள். சொன்னாள். பரிதி நாலு வயதில் தபால்பெட்டிக்குள் கையை விட்டு மாட்டிக்கொண்டதைச் சொன்னாள், பரிதி எட்டாங்கிளாஸில் பெயிலானதை மறைக்க மார்க் ஷீட்டை அரிசிப் பானைக்குள் வைத்ததைச் சொன்னாள், பரிதிக்கு அம்மை போட்டபோது வேப்பிலை வாசனைக்கு நடுவே அவன் தலை என்ன வாசனை அடித்தது என்பதைச் சொன்னாள். மரகதம் முதலில் யார் வீட்டுக் கதையோ கேட்கிற மாதிரிக் கேட்டாள். அப்புறம், "பெறவு?" என்றாள். பிறகு, "அவன் ஏன் அரிசிப் பானைல போய் வச்சான்?" என்று கேட்டாள். விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் அந்த வீட்டில் பரிதி, பரிதி என்று ஒரே பேச்சு. இரண்டு வருஷமாக யாரும் அவள் காதுபடச் சொல்லாத பெயரை அன்றைக்கு ஒருத்தி நூறு தடவை சொன்னாள்.

மறுநாள் காலை படிக்கட்டின் இரண்டாவது வளைவில் அது திரும்பி வந்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், மூச்சு முட்டியது, கூடவே அப்படி ஒரு நிம்மதி, தொலைந்த பிள்ளை திருவிழாக் கூட்டத்தில் கிடைத்த தாய்க்குத்தான் அது தெரியும். மேலே போய்ப் பார்த்தால் வகுப்பு முழுக்க அவளுக்கு முன்னாலேயே வந்திருந்தது. குருவம்மாள் வாயில் எதுவும் தங்காது, ஒரு ராத்திரிக்குள் எல்லோருக்கும் சொல்லியிருந்தாள். யாரும் மரகதத்திடம் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அவளுடைய சுவரோரத்துப் பாய்க்கு இடதுபக்கத்துப் பாயில் ஒன்பது துண்டு கிடந்தது, ஒன்றன் மேல் ஒன்றாக. சுந்தரவடிவு டீச்சரின் பூத்துண்டு அடியில் இருந்தது, அவர் விடியக்காலம் நாலுக்கே வந்து போட்டாராம்.

"ஒரு சீட்டுக்கு ஒன்பது பேருன்னா நான் எப்படி வண்டி ஓட்ட?" என்றார் கோமதிநாயகம். கேலியாகத்தான் ஆரம்பித்தார், முடிக்காமலே ஜன்னலைத் திறக்கப் போய்விட்டார்.

மரகதம் அந்தத் துண்டுக் குவியலைப் பார்த்தாள். தெற்கே தலை வைத்தால் நடைபாதை ஓரத்துப் பாய்க்குத்தான் இடதுபக்கம் ஆள் கிடையாது, அங்கே மாறிப் பழையபடி யாருக்கும் கொடுக்காமல் இருந்துகொள்ளலாம். அவளுடைய நெஞ்சு அதைத்தான் சொன்னது. ஆனால் நேற்றுச் சாயங்காலம் முழுக்கக் கேட்ட அந்தப் பெயரும் காதிலேயே நின்றது. "புதன்கிழமை மட்டும்" என்றாள் கடைசியில். "வாரத்துல ஒரு நா. ஒரு தடவைக்கு ஒருத்தர். மத்த நாளெல்லாம் எனக்கு வேணும்."

அப்படித்தான் பரிதி புதன்கிழமை தோறும் ஒவ்வொரு வீட்டுக்கு விருந்துக்குப் போய் வர ஆரம்பித்தான். மற்ற நாட்களில் மரகதம் நடைபாதை ஓரத்தில் படுத்துக்கொள்வாள், புதன்கிழமை மட்டும் சுவரோரத்துக்கு வருவாள், அன்றைக்கு யார் முறையோ அவர் இடதுபக்கம் படுப்பார். எடுத்துக்கொண்டு போனவர் அன்றைக்கு வேலைக்குப் போவதில்லை, வீட்டில் உட்கார்ந்து ஒரு மூச்சு அழுவார், சாயங்காலம் தன் பிள்ளைகளுக்குப் பிடித்ததைச் சமைத்துப் போடுவார், வியாழக்கிழமை காலை மாடியேறினதும் மரகதத்தைத் தேடி வந்து ஏதாவது ஒன்று சொல்லுவார். ஒருத்தருக்குக் கிடைப்பது இன்னொருத்தருக்குக் கிடைக்காது. ஒருத்தி அவன் விசிலடிக்கிற மெட்டைக் கொண்டுவந்தாள், ஒருத்தி அவன் முதன்முதலாகச் சவரம் பண்ணிக் கன்னத்தைக் கிழித்துக்கொண்ட நாளைக் கொண்டுவந்தாள். புதன்கிழமை ராத்திரிகளில் மரகதம் தூங்கினாள். தூங்கி எழுந்தால் பிள்ளை இருக்க மாட்டானோ என்கிற பயம் முதல் மாதம் இருந்தது, மூன்றாம் மாதம் இல்லை. தெருவில் பார்த்தால் ஜனங்கள் பேச்சை மாற்றுவதும் நின்றது. மளிகைக்கடையில் சாமான் கட்டிக்கொண்டே, "பரிதிக்குக் கத்திரிக்கான்னா ஆகவே ஆகாதுல்ல?" என்று கேட்பார்கள், அவள் இல்லை, கத்திரிக்காய் ஆகும், புடலங்காய்தான் ஆகாது என்று திருத்துவாள்.

ஆனால் அந்த வார்த்தை மட்டும் கரையவில்லை. எடுத்துக்கொண்டு போன எல்லோரும் அதைக் கேட்டார்கள், எல்லோரும் குருவம்மாள் சொன்னதையே வேறு வேறு விதமாகச் சொல்லி ஆறுதல் பண்ணினார்கள், அவளும் தலையை ஆட்டிக்கொண்டாள். வியாழக்கிழமை காலை படிக்கட்டு வளைவில் முதலில் திரும்பி வருவது அந்த வார்த்தையாகத்தான் இருந்தது.

ஆடி மாதம் ஆண்கள் பக்கம் ஒரு தகராறு. பெண்கள் மட்டும்தான் எடுத்துக்கொண்டு போக வேண்டுமா, நாங்கள் மனுஷர் இல்லையா என்று கேட்டார்கள். கேட்டது அய்யலுசாமி. மில்லில் முப்பத்தைந்து வருஷம் ஸ்பின்னிங்கில் இருந்தவர், அந்த இரைச்சலில் காது மந்தமாகிப் போய், பேசினால் கேட்காது என்பதால் அவரிடம் யாரும் பேசுவதில்லை, அவரும் யாரிடமும் பேசுவதில்லை. மூன்று வருஷத்தில் அவர் பேசின முதல் பேச்சே அதுதான் என்பதால் கோமதிநாயகம் மறுக்கவில்லை. அந்தப் புதன்கிழமை அவர் நடைபாதையைத் தாண்டி வந்து, துண்டை மடித்துத் தலைக்கு வைத்து, மரகதத்துக்கு இடதுபக்கம் படுத்தார்.

வியாழக்கிழமை காலை மரகதம் வரும்போது அவர் படிக்கட்டின் அடியிலேயே நின்றுகொண்டிருந்தார், மேலே ஏறாமல். கீழே பாகு காய்ச்ச ஆரம்பித்திருந்தார்கள். அவர் இன்னும் ஏறவில்லை என்பதால் அவளுக்கு நெஞ்சு லேசாகவே இருந்தது.

"தாயி, அன்னைக்குக் காலைல அடுப்புல என்ன வச்சிருந்த?" என்று கேட்டார்.

எந்த நாள் என்று அவள் கேட்கவில்லை. "சட்னிக்குத் தாளிச்சுக்கிட்டு இருந்தேன்" என்றாள், பிறகு அவருக்குக் கேட்காதே என்று கையால் தாளிக்கிற மாதிரிக் காட்டினாள்.

"அதான். கடுகு வெடிக்குது. தெருவுல தண்ணி லாரிக்காரன் ஆரன் அடிச்சுக்கிட்டு நிக்கான். உனக்கு அம்புட்டுத்தான் கேட்டிருக்கும், கொண்டுபோன எல்லாருக்கும் அம்புட்டுத்தான் கேட்டிருக்கும். நான் மில்லுக்காரன். மிஷின் ஓடுற சத்தத்துக்குள்ளதான் நாங்க எட்டு மணி நேரமும் பேசுவோம், எம்மகளுக்குச் சம்பந்தம் பேசி முடிச்சதே அந்தச் சத்தத்துக்குள்ளதான். சும்மா பேசுனா எனக்குக் கேக்காது. சத்தத்துக்கு அடியில பேசுனாக் கேக்கும்." அவர் துண்டைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டார். "நீ அப்படிச் சொன்ன பெறவு அந்தப் பய பேசாமப் போகல தாயி. பதில் சொல்லிட்டுத்தான் போனான்."

மரகதம் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"சிரிச்சான். செருப்ப மாட்டிக்கிட்டே சிரிச்சுக்கிட்டுதான் சொன்னான். 'சரிம்மா, தொலஞ்சுட்டு சாயங்காலம் வந்துருதேன், சட்னி பூராத்தையும் நீயே தின்னு தீத்துறாத'ன்னான். நேத்து முழுக்க முப்பது நாப்பது தடவ திருப்பித் திருப்பிக் கேட்டுப் பாத்துட்டேன். ஒரு எழுத்து மாறல."

சொல்லிவிட்டு அய்யலுசாமி முதல் படியில் கால் வைத்தார். அவள் அவர் பின்னாலேயே ஏறினாள். இரண்டாவது வளைவில் அது திரும்பி வந்தபோது வலித்தது, எப்போதும் வலிக்கிற மாதிரித்தான் வலித்தது, ஆனால் இந்தத் தடவை முதலில் வந்தது கடுகு வெடிக்கிற சத்தம், அதற்கு அடியில் ஒரு சிரிப்பு. அவள் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டாள். மேலே கோமதிநாயகம் ஆட்களை முன்னே போகச் சொல்லிக்கொண்டிருந்தார். பின்னால் ஏறி வந்த குருவம்மாள் பதறிப்போய், "யக்கா, என்ன செய்யுது?" என்றாள்.

"சட்னி கேட்டிருக்கான் குருவு" என்றாள் மரகதம். கண்ணிலிருந்து கொட்டியது, துடைத்துக்கொள்ளவில்லை. "திட்டி அனுப்புறேன், அப்பவும் சட்னி கேட்டிருக்கான். திங்கிறதுலேயே இருக்கும் புத்தி. சோத்துமாடன். கிறுக்குப் பய." இரண்டரை வருஷத்துக்கு அப்புறம் அன்றைக்குத்தான் அவள் தன் பிள்ளையைத் திட்டினாள்.